தானியக் கிடங்கில் பாஸ்பீன் புகைமூட்டம்: திட்டமிடுவதில் தொடங்கிக் கழிவு அகற்றுவது வரை

கிடங்கில் மருந்து வைத்தும் வண்டு சாகவில்லை என்ற புகாருக்கும், மருந்து வைத்த இரவு பக்கத்து அறையில் படுத்திருந்தவர் மயங்கிவிட்டார் என்ற செய்திக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கசிவு. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வெளியேறும் வாயு வெளியில் இருப்பவரைத் தாக்குகிறது. உள்ளே அந்த அளவு குறைவதால் பூச்சியின் முட்டையும் கூட்டுப்புழுவும் பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்தவற்றின் வாரிசுகள் அடுத்த முறை இன்னும் தாக்குப்பிடிக்கும். ஆகவே சுற்றுச்சூழல் விதி, தொழிலாளர் பாதுகாப்பு, பூச்சிக் கட்டுப்பாடு என்று மூன்று கோப்பு போட்டு மூன்று திட்டம் எழுத வேண்டியதில்லை. வாயுவை உள்ளே நிறுத்துவது, போதிய நாள் நிறுத்துவது, அளந்து பார்த்து வெளியே விடுவது ஆகிய மூன்றுக்கும் ஒரே திட்டம் போதும்.

புகைமூட்டம் என்பது மூடிய இடத்தில் நச்சு வாயுவை நிறுத்திப் பூச்சியைக் கொல்வது. இங்கே சொல்வது மூட்டை அட்டிகளை, அதாவது அடுக்குகளை, தார்ப்பாயால் மூடி, ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கும் முறை. சைலோ, கப்பல் அறை, கொள்கலன் ஆகியவற்றுக்கு நடைமுறை வேறு.

புகைமூட்டம் தேவைதானா

அட்டவணைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து வைக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். அட்டியின் நான்கு பக்கமும் மேலும் கீழுமாக மூட்டைகளில் மாதிரி எடுத்துச் சலித்துப் பாருங்கள். உயிருள்ள பூச்சி இருந்தால் மட்டுமே அடுத்த பேச்சு. பாஸ்பீன் உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர, வாயு போன மறுநாள் பறந்து வருவதைத் தடுக்காது. தரையில் சிந்திய தானியம், மூலையில் கிடக்கும் பழைய சாக்கு, சுவர் விரிசலில் தங்கிய மாவு இவற்றைக் கூட்டி எடுக்காமல் மருந்து வைப்பது வீண்செலவு.

சரக்கு குறைவு என்றால் காற்றுப்புகாப் பைகளே மேல். தானியம் நன்றாக உலர்ந்திருந்து பை இறுக்கமாக மூடப்பட்டால், பூச்சிகளும் தானியமும் மூச்சுவிட்டே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பூச்சி அடங்கிவிடும். நச்சு இல்லை, கழிவு இல்லை, அனுமதியும் தேவையில்லை. ஈரமான சரக்குக்கு இதுவும் உதவாது, புகைமூட்டமும் உதவாது. அதற்குக் காய வைப்பதுதான் வழி.

மெத்தில் புரோமைடு என்ற மற்றொரு புகைமூட்ட வாயு வேகமானதுதான். ஆனால் ஓசோன் படலத்தை அரிப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும் அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்த ஒப்புக்கொண்டன. தாவரத் தனிமைப்படுத்தலுக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் மட்டும் விலக்கு உண்டு. இன்னொரு வாயுவான சல்ஃபுரைல் ஃபுளோரைடு முட்டைகளிடம் எளிதில் எடுபடாது. அதோடு அது கடுமையான பசுமைக்குடில் வாயு. எனவே பெரும்பாலான கிடங்குகளுக்கு எஞ்சுவது பாஸ்பீன்தான். அது ஓசோனைத் தொடுவதில்லை, வெளிக்காற்றில் சில நாட்களுக்குள் சிதைந்துவிடும். அதன் சுற்றுச்சூழல் ஆபத்து முழுக்க அருகில் இருப்பவர்களுக்கும், அருகில் உள்ள விலங்கு பறவைகளுக்கும், கழிவைக் கொட்டும் இடத்துக்கும்தான்.

இடத்தைச் சுற்றி வந்து வரைபடம் போடுங்கள்

கிடங்கின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். எந்தச் சுவர் அடுத்த கட்டடத்தோடு ஒட்டியிருக்கிறது, காவலாளி அறை எங்கே, யாராவது இரவில் தங்குகிறார்களா, வீடு, பள்ளி, கால்நடைத் தொழுவம், கிணறு, வடிகால் எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். பாஸ்பீன் காற்றைவிடச் சற்றுதான் கனமானது. தரையோடு தேங்காமல் எங்கும் பரவும். பொதுச்சுவரின் விரிசல், மின்கம்பி போகும் துளை, கூரைக்கடியில் விட்ட இடைவெளி எல்லாமே அதற்கு வழி. கூரைக்குள் கூடு கட்டிய ஆந்தை, சரக்குக்குள் படுக்கும் பூனை இவற்றையும் பார்த்து வெளியேற்ற வேண்டும்.

செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும் இந்த வாயு அரிக்கும். மின்பலகை, கணினி, எடை இயந்திரம், தீ எச்சரிக்கைக் கருவி, மின்கலத்தில் ஓடும் பாரந்தூக்கி என எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாததை மூடி அடையுங்கள்.

கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாத்திரைத் தட்டில் மழைநீர் சொட்டினால் வாயு ஒரேயடியாகக் கிளம்பித் தீப்பற்றும்.

ஒட்டியிருக்கும் வீட்டையோ அலுவலகத்தையோ காலிசெய்ய முடியாது, சுவரையும் அடைக்க முடியாது என்றால் அந்த இடத்தில் புகைமூட்டம் கிடையாது. சரக்கை வேறிடம் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

மருந்தின் பெயர், பதிவு எண், அது இந்தச் சரக்குக்கு அனுமதிக்கப்பட்டதா என்ற விவரம், வேலை செய்பவரின் உரிமம், சரக்கின் வகை, அளவு, ஈரப்பதம், வெப்பநிலை, அட்டியின் கன அளவும் மாத்திரை எண்ணிக்கையும், தொடங்கும் நாள், திறக்கும் நாள், அளக்கும் இடங்கள், யார் பொறுப்பு, யார் துணை, அக்கம்பக்கத்தாருக்குச் சொன்ன தேதி, அருகில் உள்ள மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், கழிவு எங்கே போகும். வெளி ஒப்பந்தக்காரர் செய்தாலும் "உள்ளே போகலாம்" என்று கையெழுத்திடுபவர் யார் என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி எழுதுங்கள். மாத்திரைக் குப்பியோடு வரும் அறிவுறுத்தல் தாள் பல நாடுகளில் சட்டத்துக்குச் சமம். இந்த வழிகாட்டிக்கும் அந்தத் தாளுக்கும் முரண் வந்தால் தாள் சொல்வதே செல்லும்.

சரக்கு வேறு நாட்டுக்குப் போகிறது என்றால் அங்குள்ள எச்ச வரம்பையும் (உணவில் தங்கியிருக்கலாம் என்று அனுமதித்த மருந்தின் அளவு) குறித்துக்கொள்ளுங்கள். முழுத் தானியத்துக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், பதப்படுத்திய உணவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பரவலாகக் காணும் அளவு.

கணக்கு

3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் தரும். 0.6 கிராம் குறுமாத்திரை 0.2 கிராம் தரும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அட்டியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 240 கனமீட்டர். கனமீட்டருக்கு 2 கிராம் என்றால் 480 கிராம் பாஸ்பீன், அதாவது 480 மாத்திரை. டன் கணக்கில் அளவு சொல்லும் தாள்களும் உண்டு. அப்போதும் கன அளவைக் கணக்கிட்டு ஒத்துப்பாருங்கள்.

இப்போது அதே 480 கிராமை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். 1 கனமீட்டரில் 1 கிராம் என்பது ஏறத்தாழ 720 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 720 பங்கு). அட்டி இருக்கும் கிடங்கு 5,000 கனமீட்டர் என்றால், முழு வாயுவும் கசிந்தால் கிடங்குக் காற்றில் கிட்டத்தட்ட 69 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு 50 பிபிஎம். நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே 0.69 பிபிஎம், பல நாடுகளில் 8 மணி நேர வேலைக்கான வரம்பு 0.3 பிபிஎம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 0.1 என்று வைத்திருக்கிறது. 1 சதவீதக் கசிவுதானே என்று விட்டால் கிடங்கே வேலைக்கு ஆகாத இடமாகிவிடுகிறது.

மருந்தை இரட்டிப்பாக்கினால் நாளைப் பாதியாக்கலாம் என்று நினைக்காதீர்கள். பாஸ்பீனுக்கு நாள்தான் முக்கியம். முட்டையும் கூட்டுப்புழுவும் இந்த வாயுவைத் தாங்கும். அவை புழுவாகவோ வண்டாகவோ மாறும்வரை வாயு காத்திருக்க வேண்டும். செறிவு அளவுக்கு மீறினால் பூச்சி மயங்கி மூச்சைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடுவதும் உண்டு. சரக்கின் வெப்பம் 25 டிகிரி செல்சியசுக்கு மேல் என்றால் குறைந்தது 7 நாள். 15 முதல் 25 வரை என்றால் 10 நாள். 15-க்குக் கீழே தள்ளிப்போடுங்கள். தாளில் 3 நாள் என்று அச்சிட்டிருந்தாலும் அது குறைந்தபட்சம் மட்டுமே. பாஸ்பீனைத் தாங்கும் வண்டுகள் பல நாடுகளில் பரவிவிட்ட பிறகு அந்த 3 நாளை நம்பக் கூடாது.

ஆளும் கருவியும்

ஒருபோதும் தனியாள் கூடாது. பயிற்சி பெற்ற இருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கருவியில் இரண்டு வகை வேண்டும்: ஆள் பாதுகாப்புக்கு 0.1 பிபிஎம் அளவிலும் காட்டும் நுண்கருவி, அட்டிக்குள் 2,000 பிபிஎம் வரை அளக்கும் கருவி. நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்களும் சரிதான். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

முகம் முழுவதும் மூடும் முகமூடியும் பாஸ்பீனுக்கென்று குறிக்கப்பட்ட வடிகுப்பியும் (வாயுவை வடிகட்டும் குப்பி) 15 பிபிஎம் வரைதான் காக்கும். அதற்கு மேலோ, அளவு தெரியாத இடத்திலோ முதுகில் காற்றுக்கலன் சுமக்கும் மூச்சுக்கருவி வேண்டும். தாடி இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டாது. தூசு முகமூடியைக் கட்டிக்கொண்டு இந்த வேலையில் இறங்குவதும் வெறும் முகத்தோடு இறங்குவதும் ஒன்றுதான். பொய்த் தைரியம் தருவதால் முன்னது இன்னும் மோசம்.

மூக்கை நம்பாதீர்கள். பூண்டு அல்லது கார்பைடு போன்ற வாடை பாஸ்பீனில் கலந்த மாசுகளால் வருவது. தானியம் அந்த மாசை உறிஞ்சிக்கொண்டால் வாடை இல்லாமலேயே வாயு நிற்கும்.

தார்ப்பாய்

வேலை வெல்வதும் தோற்பதும் இங்கேதான். 250 மைக்ரான் பிவிசி அல்லது அதற்கு இணையான வாயுபுகாப் பாய் வேண்டும். மழைக்குப் போடும் நெய்த தார்ப்பாய் மடிப்புகளில் வெடித்து வாயுவை விடும். பாயை வெயிலில் இருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் அடியில் நின்று பார்த்தால் ஊசித்துளைகூட வெளிச்சமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் ஒட்டுங்கள்.

அட்டி மரச்சட்டத்தின்மேல் நிற்க வேண்டும், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி. தூணைச் சுற்றி அடுக்கிய அட்டியை ஒழுங்காக மூடவே முடியாது, பிரித்து அடுக்குங்கள். தரை கான்கிரீட்டாக இருந்தால் விரிசலை அடையுங்கள். மண்தரை என்றால் அடுக்குவதற்கு முன்பே அடியில் ஒரு பாய் விரித்திருக்க வேண்டும். இரண்டு பாயை இணைக்க வேண்டியிருந்தால் 1 மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சேர்த்துச் சுருட்டிக் கவ்விகளால் இறுக்குங்கள்.

பாயின் ஓரம் தரையில் 1 மீட்டர் விரிய வேண்டும். அதன்மேல் மணற்பைகளை இரண்டு வரிசையாக, ஒன்றின் நுனி அடுத்ததின்மேல் ஏறும்படி வையுங்கள். பையை முட்ட நிரப்பினால் உருளையாக நின்று தரையை ஒரு கோடாக மட்டுமே அழுத்தும். முக்கால் நிரப்பினால்தான் சரிந்து படியும். நான்கு மூலைகள்தான் வாயு ஓடும் வாசல். அங்கே பாயை முக்கோணமாக மடித்துத் தட்டையாக்கி, மடிப்பின்மேல் கூடுதல் பை வையுங்கள்.

மூடுவதற்கு முன், உள்ளிருக்கும் காற்றை வெளியிலிருந்து இழுத்து அளக்க உதவும் அளவுக் குழாய் மூன்று செருகுங்கள்: அடியில், நடுமூட்டைகளுக்கிடையில், உச்சியில். மெல்லிய நைலான் குழாய் போதும். வெளிமுனையில் அடைப்பானும் அடையாளச் சீட்டும் போட்டு, பாதுகாப்பான தூரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மருந்து வைக்கும் நேரம்

1. கிடங்கைக் காலிசெய்து ஆட்களை எண்ணுங்கள். எல்லா வாசலிலும் மண்டையோட்டுச் சின்னம், மருந்தின் பெயர், தொடங்கிய நேரம், பொறுப்பாளர் பெயர், தொடர்பு எண் கொண்ட பலகை வையுங்கள். வேலைக்கு வருவோர் படிக்கும் மொழிகள் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும்.
2. பாயின் நான்கு பக்கத்தையும் மூடிவிட்டு, தட்டு செருகும் இடங்களை மட்டும் தூக்கி வையுங்கள்.
3. குப்பியைத் திறந்தவெளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டித் திறங்கள். மூடிக்கடியில் தேங்கிய வாயு பளிச்சென்று தீப்பிடிக்கக்கூடும். தூறல் விழுந்தால் வேலையை நிறுத்துங்கள்.
4. உலர்ந்த பருத்திக் கையுறை போட்டுத் தட்டுகளில் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல் மாத்திரையைப் பரப்புங்கள். நம் கணக்கின் 480 மாத்திரைக்குத் தட்டுக்கு 30 வீதம் 16 தட்டு. குவித்து வைத்தால் குவியலுக்குள் வாயு 1.8 சதவீதத்தைத் தாண்டித் தானே தீப்பற்றும்.
5. வாசலுக்கு எதிர்க்கோடியில் தொடங்கி வாசலை நோக்கி வந்தபடி, மரச்சட்டத்தின் அடியில் தட்டுகளைச் செருகி, செருகிய இடத்தை உடனே அடைத்துக்கொண்டே வாருங்கள். சூடான, ஈரமான நாளில் ஒரு மணி நேரத்துக்குள் வாயு கிளம்பத் தொடங்கும். அரை மணியில் முடியும்படி ஆளையும் தட்டையும் கணக்கிடுங்கள்.
6. மீந்த மாத்திரைக் குப்பியை இறுக மூடிப் பூட்டிய மருந்து அறைக்கு அனுப்புங்கள். வேறு பாத்திரத்தில் மாற்றக் கூடாது. கிடங்கைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

மூடியிருக்கும் நாட்கள்

முதல் மாலை ஒருமுறை சுற்றிவந்து "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கமான குறை. வாயு உச்சத்துக்கு வருவது இரண்டாம் நாளை ஒட்டித்தான். அப்போதும் இரவிலும் கிடங்குக்கு வெளியே, காற்றடிக்கும் திசையில், பக்கத்துக் கட்டடத்துக்குள்ளும் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் வரம்பைத் தாண்டினால் முதலில் ஆட்களை நகர்த்துங்கள், பிறகு மூச்சுக்கருவியோடு போய்க் கசிவை அடையுங்கள்.

அட்டிக்குள் தினமும் மூன்று குழாயிலும் படியுங்கள். கனமீட்டருக்கு 2 கிராம் என்பது இழப்பே இல்லாவிட்டால் ஏறத்தாழ 1,440 பிபிஎம் தர வேண்டும். தானியம் ஒரு பகுதியை உறிஞ்சும். நெல்லும் எண்ணெய்வித்தும் கூடுதலாகவே உறிஞ்சும். மூன்று குழாயும் சேர்ந்து மெதுவாக இறங்கினால் அது உறிஞ்சல். ஒரு குழாய் மட்டும் சரிந்தால் அந்தப் பக்கத்தில் ஓட்டை. கடைசி நாளிலும் எல்லாக் குழாயும் 200 பிபிஎம்முக்குக் குறையாமல் இருந்தால் வேலை சரி. பாதியில் அதற்குக் கீழே போனால் பாயைத் தூக்கி மாத்திரை சேர்க்காதீர்கள். தோல்வி என்று எழுதி, காற்றாட விட்டு, ஓட்டையைச் சரிசெய்து முதலிலிருந்து செய்யுங்கள்.

திறப்பது

காலையில், மெல்லிய காற்று இருக்கும்போது, அண்டை வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத் திறங்கள். 480 கிராம் முழுதும் 0.3 பிபிஎம் அளவுக்கு நீர்த்துப்போக 11 லட்சம் கனமீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஆகவே அவசரம் கூடாது. கதவு சன்னல்களை வெளியிலிருந்து திறந்துவிட்டு, மூச்சுக்கருவியோடு இருவர் போய் எதிரெதிரான இரண்டு மூலையைத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சில மணி கழித்து முழுப் பாயையும் எடுங்கள்.

கிடங்குக் காற்று வரம்புக்குக் கீழே வந்ததும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூட்டைகளுக்கிடையே வாயு இருக்கும். அங்கும் அளந்து, கதவைச் சில மணி நேரம் அடைத்துவைத்து மறுபடி அளவெடுத்தால் தானியத்திலிருந்து ஊறிவருவது தெரியும். அதுவும் சரியாக இருந்தால்தான் பலகையை எடுத்துக் கையெழுத்திட வேண்டும். சரக்கை ஏற்றுவதற்கு முன் 48 மணி நேரம் காற்றாட விடுவது நல்லது. அரைகுறையாகக் காற்றாடிய மூட்டையை மூடிய வண்டியில் ஏற்றினால் ஓட்டுநருக்கு ஆபத்து.

தட்டில் மிஞ்சிய தூள்

சாம்பல் நிறத் தூளில் பெரும்பகுதி அலுமினியம் ஹைட்ராக்சைடு, தீங்கில்லாதது. ஆனால் சில சதவீதம் வினைபுரியாத மருந்து எஞ்சியிருக்கும். இதை ஒரே பையில் கட்டி மூடிய வண்டியில் கொண்டுபோனால் தீவிபத்தில் சிக்க நேரும். திறந்தவெளியில், தலை திறந்த பீப்பாயில் சலவைத்தூள் கலந்த தண்ணீர் வைத்து, முகமூடியோடு, காற்று வரும் பக்கம் நின்று, தூளைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கிளறுங்கள். தூளின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. பீப்பாயை மூடாமல் 36 மணி நேரம் விட்டு, இடையிடையே கிளறி, குமிழி நின்றதும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் சேர்க்கலாம். கழிப்பறை, வடிகால், கிணற்றோரம் எதுவும் ஆகாது. காலிக் குப்பியைத் தண்ணீரில் மூன்றுமுறை அலசித் துளையிட்டு நசுக்குங்கள். அந்த அலுமினியக் குப்பி அழகாக இருக்கும். துளையிடாவிட்டால் யாராவது தண்ணீர் பிடிக்க எடுத்துப்போவார்கள்.

விபத்தானால்

தலைவலி, குமட்டல், நெஞ்சிறுக்கம், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை முதல் அறிகுறிகள். சாதாரண மயக்கம் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்; நுரையீரலில் நீர்கோர்ப்பது ஒருநாள் கழித்தும் வரும். முறிவு மருந்து கிடையாது. மூச்சுக்கருவி இல்லாமல் மீட்கப் போகிறவர் இரண்டாவது நோயாளி ஆவார். திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, மருந்தின் தாளோடு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தோலில் பட்ட தூளை முதலில் உலர்ந்தபடியே தட்டிவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மாத்திரையை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அவர் வாந்தியிலிருந்தும் வாயு வரும் என்று மருத்துவப் பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள், வண்டிச் சன்னலைத் திறந்து வையுங்கள். தீப்பிடித்தால் உலர்மணல், உலர்தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான், தண்ணீர் வேண்டாம். இதை உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

முடிந்தபின் பார்க்க வேண்டியது

தினசரி அளவுகள், கசிவு கண்ட இடம், மாத்திரை இருப்புக் கணக்கு, கழிவு விவரம், திறப்புக் கையெழுத்து எல்லாம் ஒரே கோப்பில் போகட்டும். திறந்த உடனும், 4 வாரம் கழித்தும் மாதிரி எடுத்துச் சலியுங்கள். உடனே உயிருள்ள வண்டு தெரிந்தால் வாயு போதவில்லை. முதலில் சுத்தமாக இருந்து, 4 வாரத்தில் அட்டியின் நடுமூட்டைகளில் இளம் வண்டு கிளம்பினால் முட்டை பிழைத்திருக்கிறது. வெளியோரத்து மூட்டைகளில் மட்டும் என்றால் வெளியிலிருந்து வந்தவை. மூன்று குழாயும் கடைசிவரை 200 பிபிஎம்முக்கு மேல் காட்டியும் நடுவில் பூச்சி வந்தால் அது எதிர்ப்புத்திறன் கொண்ட வகையாக இருக்கலாம். அந்த வண்டுகளை உயிரோடு பிடித்துப் பூச்சியியல் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை அதே அளவில் மறுபடி மருந்து வைக்காதீர்கள்.